கிளீனர் ஏறிய கடைசி வண்டி

டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக் குப்பைக்கூடையில் போட்டார். நாற்காலியை இழுத்து சீட் கவர் அக்காவுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார். கார்களுக்கு சீட் உறை தைக்கிற வேலை என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். அவர் உட்கார்ந்த தினுசிலேயே அக்காவுக்கு விஷயம் பாதி புரிந்துவிட்டது. நல்ல சேதியாக இருந்தால் நின்றபடியே சொல்லி அனுப்பியிருப்பார்.

மேசை மேல் அவள் வீட்டு நாய் கிளீனர் ஒருக்களித்துப் படுத்திருந்தது. வயிறு மட்டும் உப்பியிருந்தது, மற்றதெல்லாம் எலும்பு.

"உள்ள கட்டி. அது கசிய ஆரம்பிச்சிடுச்சு. ஈறைப் பாருங்க, ரத்தமே இல்ல. ஆபரேஷன் பண்ற வயசெல்லாம் தாண்டிப் போச்சு."

"மாத்திரை ஏதாவது குடுத்து ஓட்ட முடியாதா மேடம்?"

"வலிக்கு ஊசி போடறேன். நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் ஓரளவு தாங்கும். அதுக்கு மேல இழுக்காதீங்க. கட்டி வெடிச்சா மூச்சுத் திணறித்தான் போகும். அது அந்தப் பாடு பட வேண்டாம். நாளைக்கே கூட்டிட்டு வாங்க, ஊசி போட்டு அனுப்பிடலாம்." நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டு சொன்னார். "அதுக்குள்ள வீட்டுல எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க. பக்குவமா சொல்லுங்க. ஆனா சொல்லிடுங்க. என்கிட்ட வந்து அழறவங்கள்ல பாதிப் பேரு நாய் செத்ததுக்கு அழறதில்ல, யாரும் முன்னாடியே சொல்லலியேன்னுதான் அழறாங்க."

வீட்டில் எல்லாரும் என்றால் கூட்டமெல்லாம் கிடையாது. ஒரு மகள், ஒரு கணவர். மகளுக்குச் சொல்லிவிடலாம். கணவருக்கு எப்படிச் சொல்வது என்றுதான் அக்காவுக்குத் தெரியவில்லை. அவர் லாரி டிரைவர். நிரம்பிய லோடோடு வந்துகொண்டிருந்தார். படுத்து எழுந்து நிதானமாக ஓட்டினால் நாளை மறுநாள் வந்து சேருவார். கண்ணை மூடாமல் ஓட்டினால்தான் நாளைச் சாயங்காலத்துக்குள் வர முடியும்.

சொன்னால் அவர் கண்ணை மூட மாட்டார். அதில் அக்காவுக்குத் துளி சந்தேகமும் இல்லை.

நாய்க்குக் கிளீனர் என்று பெயர் வந்த கதை தெருவில் எல்லாருக்கும் தெரியும். முன்பு டிரைவரோடு ஓடிய கிளீனர் சம்பளச் சண்டையில் பாதி வழியில் இறங்கிப் போய்விட்டான். அடுத்த லோடு ஏற்றும் இடத்தில் ஒரு குட்டி நாய் தானாக வண்டிக்குள் ஏறி அவன் சீட்டில் உட்கார்ந்துகொண்டது. இறக்கிவிட இறக்கிவிட ஏறியது. "சரி, நீயே வேலையப் பாரு" என்று டிரைவர் விட்டுவிட்டார். சோதனைச் சாவடியில் யாராவது "கிளீனர் எங்கேப்பா?" என்று கேட்டால், "அதோ, உங்களைத்தான் பாத்துட்டிருக்கான்" என்பார். சீட்டுக்குப் பின்னாலிருந்த படுக்கைப் பலகைக்கு அக்காதான் கறுப்பு ரெக்சினில் மெத்தை தைத்துக் கொடுத்தாள், சிவப்பு ஓரம் வைத்து. டிரைவரின் தலை லேசாகத் தொங்கினாலும் போதும், நாய் அந்த மெத்தையிலிருந்து எட்டிப் பிடரியில் ஈர மூக்கை வைத்து அழுத்தும். போன வருஷம் பின்னங்கால் விழுந்து, அதை வீட்டோடு நிறுத்திய பிறகு, டிரைவர் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் இனி அவரை யார் எழுப்புவார் என்றுதான் அக்கா நினைத்துக்கொள்வாள்.

அன்று கடையில் தைத்த தையல் ஒன்றும் நேராக வரவில்லை. ஒரு காரின் பின்சீட்டு உறைக்கு இரண்டு இடது பக்கம் தைத்து வைத்தாள். கடைக்காரர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, இந்தக் கார்ல ரெண்டு பேரும் ஒரே பக்கம்தான் உக்காரணுமா?" என்றார். அவள் சிரிக்காததைப் பார்த்து அவரே பிரித்துப் போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் மகள் பள்ளியிலிருந்து வந்தாள். பத்து வயது. வாயாடி என்றுதான் வீட்டில் கூப்பிடுவது. செருப்பைக் கழற்றும்போது தொடங்கும் பேச்சு தூங்கும்போதுதான் நிற்கும். அவள் நேராகப் போய்க் கிளீனர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அக்காவும் போய் உட்கார்ந்தாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அழுதா அழு, ஆனா முழுசாக் கேளு."

சொன்னாள். டாக்டரம்மா சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாள். கட்டி, கசிவு, நாளைச் சாயங்காலம், ஊசி. வாயாடி நாயின் காதை மடித்து, விரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஊசி போட்டா செத்துடுமா?"

"ஆமாம்."

"நீ போடச் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"அப்பா?"

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. டிரைவர்தான். அக்கா எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். ஆனால் அது ஒரே அறை. எங்கே போனாலும் கேட்கும்.

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

"பரவாயில்லைங்க. குளுக்கோஸ் ஏத்தினாங்க. வந்ததும் பால் குடிச்சான்."

"முழுசாவா?"

"கிண்ணத்தை நக்கிட்டான்."

டிரைவர் சிரித்தது போனுக்கு வெளியேயும் கேட்டது. "அப்பச் சரி. ராத்திரி வெயில் இல்லாம ஓட்டிட்டு, காலையில வண்டியை ஓரங்கட்டிட்டுப் படுத்துக்கறேன்."

"நல்லாத் தூங்குங்க. ஒண்ணும் அவசரமில்ல."

போனை வைத்துத் திரும்பினாள். பால் கிண்ணம் ஆடை கட்டி அப்படியே இருந்தது. வாயாடி அதையும் அம்மாவையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. எழுந்து போய்ப் புத்தகப் பையைத் திறந்து வைத்துக்கொண்டாள். அன்றைக்கு அவள் பேசியது அவ்வளவுதான்.

மறுநாள் காலை அக்கா குளித்துவிட்டு வந்தபோது மகள் கதவுக்குக் குறுக்கே உட்கார்ந்திருந்தாள். நாயை எப்படி இழுத்தாளோ, அதன் தலை அவள் மடியில் இருந்தது. போன் தரையில் கிடந்தது.

"அப்பாகிட்ட சொல்லிட்டேன்," என்றாள்.

அக்கா அவள் எதிரே உட்கார்ந்தாள். "எப்போ?"

"இப்பத்தான். நீதான் பொய் சொன்ன. நான் பொய் சொல்லல."

"தூங்கிட்டிருந்தாரா?"

"படுக்கப் போறேன்னு சொன்னாரு. அப்புறம் நான் சொன்னேன். உடனே வண்டிய எடுத்துட்டாரு. யாரையும் தொட விடாதேன்னு சொன்னாரு."

ராத்திரி முழுக்க ஓட்டிய மனுஷன். இப்போது பகல் முழுக்க. அக்கா போனை எடுத்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. திரும்ப அடித்தாள். எடுக்கவில்லை. ஓட்டும்போது போனை எடுக்காதீங்க என்று பல வருஷமாகப் படித்துப் படித்துச் சொன்னவள் அவள்தான். இன்றைக்கு அது அவளுக்கே எமனாக வந்தது.

மகளை அறையலாம் போல ஆத்திரம் வந்தது. கை ஓங்கவில்லை. அந்தப் பெண் செய்தது நேற்றே தான் செய்திருக்க வேண்டிய காரியம் என்று எங்கோ ஒரு மூலையில் உறைத்துக்கொண்டிருந்தது. செய்திருந்தாலும் இதே கதிதானே ஆகியிருக்கும் என்றும் தோன்றியது. எந்தப் பக்கம் யோசித்தாலும் முட்டியது.

கொழுந்தனுக்குப் போன் போட்டாள். அவன் வேனில் கடைகளுக்குத் தண்ணீர் கேன் போடுகிறவன். பாதி கேன்களோடு வந்து நின்றான்.

"அண்ணன் எடுக்க மாட்டேங்குது அண்ணி. நானும் அடிச்சுப் பாத்துட்டேன்."

"அவர் இங்க வந்து சேரக் கூடாது தம்பி."

கொழுந்தன் விழித்தான். "என்ன சொல்றீங்க?"

"இங்க வரணும்னுதான இந்த ஓட்டம் ஓட்டறார்? நாம அங்க போனா அவர் நிப்பாரு."

சொன்ன பிறகுதான் அவளுக்கே அது சரியென்று பட்டது. டாக்டரம்மாவைக் கூப்பிட்டாள். எல்லாவற்றையும் கொட்டினாள். மறுமுனையில் ஒரு பூனை கத்திக்கொண்டிருந்தது.

"வீட்டுக்குப் போய் ஊசி போட்டிருக்கேன், தோட்டத்துல போட்டிருக்கேன். நெடுஞ்சாலையில போட்டதில்ல," என்றார் டாக்டரம்மா. பூனை இரண்டு தடவை கத்தியது. "மதியத்துக்கு மேல யாரும் வர மாட்டாங்க. என் கார்ல பின்னாடியே வர்றேன். முதல்ல உங்க வீட்டுக்காரரை நிறுத்துங்க. நாயை விட அவரைப் பத்தித்தான் எனக்குக் கவலையா இருக்கு."

இன்னும் பல தடவை அடித்த பிறகு, ஏதோ ஒரு சுங்கச் சாவடி வரிசையில் நின்றபோது அவர் எடுத்தார். பின்னால் ஹாரன்கள் கத்தின.

"எவனும் ஊசி போடக் கூடாது," என்றார் எடுத்த எடுப்பிலேயே. குரல் கரகரத்து, நாக்கு தடித்துப்போனவர் மாதிரி இருந்தது. "நான் வர்ற வரைக்கும் எவனும் கிட்ட வரக் கூடாது."

"போடல. சத்தியமாப் போடல. நீங்க வண்டிய நிறுத்துங்க. நாங்க அவனைக் கூட்டிட்டு உங்ககிட்ட வர்றோம்."

"கிண்ணத்தை நக்கிட்டான்னு சொன்னவதான நீ?"

அக்காவுக்கு முகத்தில் தண்ணீர் அடித்த மாதிரி இருந்தது. "சொன்னேன். பொய்தான். நீங்க தூங்கணும்னு சொன்னேன்."

"இன்னைக்கும் நான் தூங்கணும்னுதான சொல்ற. நான் நிறுத்திப் படுத்ததும் நீங்க வேலையை முடிச்சிட்டா? உன்னை எப்படி நம்புறது?"

வாயாடி எழுந்து வந்து கையை நீட்டினாள். அக்கா போனைக் கொடுத்தாள்.

"அப்பா, நான் வழி முழுக்க உன்கூடப் பேசிட்டே வர்றேன். பாலம் வந்தா பாலம்னு சொல்றேன், மரம் வந்தா மரம்னு சொல்றேன். கிளீனர் மூச்சு விடுறதக் கேக்க வைக்கிறேன். நீ நிறுத்து."

மறுமுனையில் டிரைவர் கியர் மாற்றும் சத்தம் கேட்டது.

"சாவடி தாண்டி எடைமேடை பக்கத்துல லாரி நிறுத்துற இடம் இருக்கு. அங்க நிக்கறேன்," என்றார்.

வேனின் பின்பக்கத்தில் கேன்களைத் தள்ளி, பழைய நுரை மெத்தையைப் போட்டு நாயைப் படுக்க வைத்தார்கள். அக்காவும் மகளும் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். கொழுந்தன் ஓட்டினான். பின்னால் டாக்டரம்மாவின் சின்ன கார்.

வாயாடி சொன்னபடியே பேசினாள். "இப்ப ஒரு டயர் கடை. இப்ப ஒரு பள்ளிக்கூடம், எங்க பள்ளிக்கூடத்தை விட அசிங்கமா இருக்கு. இப்ப சித்தப்பா ஒரு பஸ்ஸைத் திட்டுறாரு." மறுமுனையில் முதலில் "ம்" வந்தது. அப்புறம் அந்த "ம்" நீண்டு, கொஞ்ச தூரம் போனதும் ஒன்றும் வரவில்லை.

"தூங்கிட்டாருன்னு நினைக்கிறேன்," என்றாள் மகள் கிசுகிசுப்பாக.

"நிறுத்தினப்புறம்தான?"

"தெரியலம்மா. வண்டி சத்தம் கேட்டுட்டே இருந்துச்சு. அவர் வண்டியா பக்கத்து வண்டியான்னு தெரியல."

அக்கா போனை வாங்கிக் காதில் அழுத்தினாள். இரைச்சல். "ஏங்க... ஏங்க..." பதில் இல்லை. கொழுந்தன் ஒன்றும் கேட்காமலே வேகத்தைக் கூட்டினான்.

வேன் ஒவ்வொரு குழியில் இறங்கும்போதும் கிளீனர் முனகியது. முதலில் வாயாடி "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்லடா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பாதி வழிக்கு மேல் அதையும் நிறுத்திவிட்டாள். நாயின் நாக்கு வெளுத்துப்போயிருந்தது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் அது எதையோ தேடுவது மாதிரி வாயைத் திறந்தது. மகள் அதைக் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டே வந்தாள். அக்கா தடுக்கவில்லை.

சுங்கச் சாவடிக்கு முன்னால் ரோட்டோரம் கூட்டமாக இருந்தது. ஒரு லாரி சாய்ந்து கிடந்தது. அக்கா முழங்காலில் எழுந்து முன்னால் எட்டிப் பார்த்தாள். "நிறம் பாருங்க அண்ணி, பச்சை, பச்சை," என்று கொழுந்தன் கத்தினான். "நம்மளுது இல்ல."

எடைமேடையைத் தாண்டி, வரிசையாக நின்ற வண்டிகளின் கோடியில் அவர் லாரி நின்றது. அக்கா வேன் நிற்பதற்குள் குதித்து ஓடினாள். கண்ணாடி வழியே பார்த்தாள். அவர் ஸ்டியரிங் மேல் தலையைக் கவிழ்த்துக் கிடந்தார். ஒரு கை பக்கவாட்டில் தொங்கியது. கதவை இரண்டு கையாலும் தட்டினாள். ஒரு கணம் அசைவே இல்லை. பிறகு அவர் திடுக்கிட்டு எழுந்து, காலால் பிரேக்கைத் தேடி மிதித்தார்.

வண்டி நின்றுகொண்டுதான் இருக்கிறது என்று அவருக்குப் புரிய நேரம் பிடித்தது.

"எங்க அவன்?"

கொழுந்தனும் அவருமாக மெத்தையோடு தூக்கி உள்ளே ஏற்றினார்கள். ரெக்சின் மெத்தையில் கிடத்தியதும் கிளீனர் கண்ணைத் திறந்தது. டிரைவர் குனிந்தார். வால் பலகையில் ஒரு தரம் தட்டியது. மறுபடி தட்டியது. தலையைக்கூடத் தூக்கிப் பார்த்தது.

"பாத்தியா?" டிரைவர் திரும்பினார். கண் கோவைப்பழமாகச் சிவந்திருந்தது. முகத்தில் ஒரு சிரிப்பு, பார்க்கவே பயமாக இருந்தது. "பாத்தியா? இவனையா அனுப்பணும்னு சொல்ற? இவனுக்கு வண்டிதான் மருந்து. வீட்ல போட்டு வெச்சீங்க, அதான் படுத்துட்டான்."

"ஏங்க, டாக்டர் கீழ நிக்கறாங்க. ஒரு வார்த்தை கேளுங்க."

"ஒரு வார்த்தையும் வேண்டாம். நான் கூட்டிட்டுப் போறேன். போகணும்னா என்கூட ஓடுற வண்டியில போகட்டும்."

சாவியைத் திருப்பினார். இன்ஜின் உறுமி, வண்டி முழுக்க அதிர்ந்தது. அக்கா படியில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையால் கண்ணாடிக் கம்பியைப் பிடித்திருந்தாள். இறங்கவில்லை. கீழே கொழுந்தன், "அண்ணே, அண்ணி மேல நிக்கறாங்க! அண்ணே!" என்று அலறினான். டாக்டரம்மா பையை மார்போடு பிடித்துக்கொண்டு பின்வாங்கினார். பிரேக்கை விட்ட காற்று உஸ்ஸென்று பீறிட்டது.

"இறங்கு," என்றார் டிரைவர்.

"மாட்டேன். தூங்கி வழியற. நீ ஓட்டக் கூடாது." கல்யாணமான நாளிலிருந்து அவரை நீ என்று சொன்னதில்லை. சொன்னதே அவளுக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் இருவரும் கவனித்தார்கள். வாயாடி மறுபக்கக் கதவு வழியாக ஏறி, கிளீனர் சீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா," என்றாள். "அவன் நடிக்கறான்."

"என்ன?"

"வேன்ல வாலே ஆட்டல. ஒரு தடவகூட. நான் கூப்பிட்டேன், ஆட்டல. அம்மா கூப்பிட்டாங்க, ஆட்டல. உனக்காக ஆட்டறான்பா. ஒவ்வொரு மூச்சுக்கும் வாயத் தொறந்து தொறந்து வாங்கறான். நான் பாத்துட்டே வந்தேன். அவனால முடியல. நீ இருக்கேன்னு முடியற மாதிரி நடிக்கறான்." அவள் குரல் உடைந்தது. "யாரையும் தொட விடாதேன்னு நீ சொன்னதால காலையில கதவுக்குக் குறுக்க உக்காந்துட்டேன். அப்ப எனக்குத் தெரியாது. இப்பத் தெரியுது."

டிரைவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். இந்தத் தடவை அவர் கூப்பிடவில்லை, சும்மா பார்த்தார். கிளீனரின் கண் அவரைத் தேடி வந்தது. வால் எழும்பப் பார்த்தது. முழுதாக எழும்பவில்லை. அந்த முயற்சியில் மூச்சு அடைத்து, நாய் கழுத்தை நீட்டி வாயைப் பிளந்தது.

அவர் சாவியைத் திருப்பினார். இன்ஜின் நின்றது. சுற்றிலும் மற்ற வண்டிகளின் சத்தம் அப்புறம்தான் கேட்டது.

"டாக்டரை மேல வரச் சொல்லு," என்றார்.

டாக்டரம்மா குள்ளமானவர். லாரியின் படி அவருக்கு இடுப்பு உயரம். கொழுந்தன் ஒரு தண்ணீர் கேனைக் கவிழ்த்துப் போட, அதன் மேல் ஏறி, அக்கா கைகொடுக்க, ஒருவழியாக உள்ளே வந்தார். முன்னங்காலில் கொஞ்சம் முடியை மழித்தார்.

"முதல் ஊசியில ஆழமாத் தூங்கிடும். ரெண்டாவது போடுறது அதுக்குத் தெரியவே தெரியாது. நீங்க என்ன பேசணுமோ இப்பப் பேசிடுங்க, காது கேக்கும்."

டிரைவர் குனிந்து அதன் காதில் ஏதோ சொன்னார். யாருக்கும் கேட்கவில்லை. வாயாடி, "எனக்கு வாங்கின ரப்பரை எல்லாம் நீ தின்னதுக்கு நான் கோவப்படல," என்றாள். அக்கா பின்னங்காலைத் தடவிக்கொண்டே இருந்தாள், அந்த விழுந்த காலை.

முதல் ஊசி போனதும் முகத்தில் இருந்த இறுக்கம் தளர்ந்தது. குறட்டைகூட விட்டது. வாயாடி அதைக் கேட்டு அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். இரண்டாவது ஊசி போன கொஞ்ச நேரத்தில் குறட்டை நின்றது. டாக்டரம்மா மார்பில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

டிரைவர் அழவில்லை. உட்கார்ந்த மேனிக்கே அப்படியே சாய்ந்தார். அக்கா பதறி மூக்கருகே கையை வைத்துப் பார்த்தாள். தூங்கிப்போயிருந்தார்.

யாரும் எழுப்பவில்லை. கிளீனரைப் போர்த்தி வேனுக்கு மாற்றினார்கள். டாக்டரம்மா ஊருக்குத் திரும்பினார். கொழுந்தன் எங்கிருந்தோ டீயும் பன்னும் வாங்கி வந்தான். லாரியின் நிழலில் உட்கார்ந்து தின்றார்கள். நடுவில் டிரைவரின் போன் அடித்தது. லோடு அனுப்பிய அலுவலகம். அக்கா எடுத்தாள்.

"வண்டி எங்கம்மா நிக்குது?"

"எடைமேடை பக்கத்துல."

"ஏன் நிக்குது?"

"டிரைவர் தூங்கறாரு. எழுந்ததும் வருவாரு."

"யாரும்மா பேசறது?"

"அவர் சம்சாரம்," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வெயில் சாய்ந்த பிறகு அவர் எழுந்து, முகம் கழுவிக்கொண்டு வந்தார். அக்காவுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"நேத்து நீ சொல்லியிருந்தா நேத்துலேருந்தே நிக்காம ஓட்டியிருப்பேன்," என்றார்.

"தெரியும். அதான் சொல்லல."

"இருந்தாலும் சொல்லியிருக்கணும்."

"ஆமா," என்றாள். "நீங்களும் நின்னிருக்கணும்."

அவர் அவள் கையிலிருந்த மிச்சப் பன்னை வாங்கித் தின்றார். கிளம்பும்போது வாயாடியைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டார். அக்கா வேனில் கிளீனரோடு பின்னால் வந்தாள். முன்னால் போகிற லாரியின் பின்பக்கத்தை விட்டு அவள் கண் நகரவே இல்லை. முதலில் ஒவ்வொரு வளைவிலும் பல்லைக் கடித்துக்கொண்டாள். வண்டி கோட்டை விட்டு விலகவில்லை. ஒரு இடத்தில் ரோடு வளைந்தபோது ஜன்னல் வழியே மகளின் கை வெளியே நீண்டு, எதையோ சுட்டிக்காட்டி, என்னவோ விளக்கிக்கொண்டிருந்தது.

"ஆரம்பிச்சிட்டா," என்றான் கொழுந்தன்.

அக்கா தண்ணீர் கேன்களில் சாய்ந்து உட்கார்ந்தாள். காலையிலிருந்து இறுக்கிப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. அதன் பிறகுதான், யாருக்கும் பதில் சொல்ல வேண்டியிராத அந்த வேனின் பின்பக்கத்தில், போர்வை மேல் கையை வைத்துக்கொண்டு, அவள் வாய்விட்டு அழுதாள்.